பழுது பார்த்து வந்த பிறகும் எஞ்சின் மக்கர் செய்தால்

வேனுக்குள் பொருத்தியிருக்கும் கார்ப்பெட் கிளீனிங் இயந்திரத்தை டிரக்மவுண்ட் என்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வீடாகப் போய்க் கார்ப்பெட் கழுவும் தொழிலுக்கு இதுதான் முதுகெலும்பு. ஒரு பெட்ரோல் எஞ்சின், அழுக்கு நீரை உறிஞ்ச அது சுழற்றும் புளோவர், ஒரு தண்ணீர் பம்ப், எஞ்சின் புகையின் சூட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சும் வெப்பமாற்றி ஆகியவை ஒரே இரும்புச் சட்டத்தில் அமர்ந்திருக்கும். உறிஞ்சிய அழுக்கு நீர் வந்து விழும் தொட்டி அதிலேயோ தனியாகவோ இருக்கும். எஞ்சின் பெரும்பாலும் இரட்டை சிலிண்டர் கோலர், பிரிக்ஸ் வேன்கார்ட், கவாசாகி போன்றவற்றில் ஒன்று. சிறிய இயந்திரங்களில் ஹோண்டா ஜிஎக்ஸ் வரிசையைப் பார்க்கலாம். வேனின் சொந்த எஞ்சினிலிருந்தே சக்தி எடுக்கும் வகையும் உண்டு. அதன் கதை வேறு என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு சூழ்நிலைக்காக எழுதியது. எஞ்சினில் ஏதோ வேலை நடந்து முடிந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் மாற்றியிருக்கலாம், காயில் புதிதாகப் போட்டிருக்கலாம். பட்டறையில் சீராக ஓடியது. மறுநாள் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் இருபது நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிட்டது.

இதற்காக மெக்கானிக்மீது உடனே கோபப்பட வேண்டாம். பட்டறையில் ஹோஸ் எதுவும் மாட்டாமல், புளோவர் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சினுக்குச் சுமையே கிடையாது. வேலை இடத்தில் நீளமான ஹோஸ், ஈரக் கார்ப்பெட்டில் அழுந்திய வாண்ட் (கையால் பிடித்து இழுக்கும் கழுவுகுழல்), ஓடும் தண்ணீர் பம்ப், வேனுக்குள் ஏறும் சூடு எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. பட்டறை ஓட்டம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது என்பதை மட்டுமே காட்டும். அது சுமை தாங்குமா என்பதைச் சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

பழுது பார்த்த பிறகு வரும் கோளாறு பெரும்பாலும் பழுது பார்த்த இடத்திலோ, அந்த இடத்தை எட்டுவதற்காகக் கழற்றிய இடத்திலோதான் இருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த ஒரு பாகம், யாரும் தொடாமலே, சரியாக இன்று பார்த்துக் கெட்டுப்போவது அரிது. ஆகவே தேடலைக் கை பட்ட இடத்தில் தொடங்குங்கள். இந்தத் தொழிலில் வீணாகும் பணத்தில் பெரும் பகுதி, இந்த ஒழுங்கை விட்டுவிட்டுப் புதுப் பிளக், புதுக் காயில், புதுப் பம்ப் என்று ஊகத்தில் வாங்கி மாட்டுவதில் போகிறது.

சாவியைத் தொடுவதற்கு முன்

மெக்கானிக்கிடம் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதை மாற்றினீர்கள்? அதை மாற்ற எதையெல்லாம் கழற்றினீர்கள்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். பில்லில் "கார்புரேட்டர் சர்வீஸ்" என்று ஒரு வரிதான் இருக்கும். ஆனால் அதைக் கழற்ற ஏர் கிளீனர் பெட்டி, கவர்னர் ஸ்பிரிங், சோக் கேபிள், பெட்ரோல் குழாய், சாலினாய்டு வயர் என்று ஐந்தாறு பொருள் கழன்றிருக்கும். அத்தனையும் திரும்ப உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.

குறிப்பாகத் தகரக் கவசங்களைப் பாருங்கள். காற்றால் குளிரும் எஞ்சினில், ஃப்ளைவீல் விசிறி தள்ளும் காற்றைச் சிலிண்டர் துடுப்புகளின் வழியே திருப்பிவிடுவது அந்தத் தகரங்கள்தான். அழகுக்கு வைத்தவை அல்ல. உள்பக்கத்தில் மாட்டும் ஒரு சிறு தகரம் பட்டறை மேஜையிலேயே தங்கிவிட்டால், ஒரு சிலிண்டர் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சில வாரங்களில் அதே ஹெட் கேஸ்கட் மீண்டும் போகும். கேஸ்கட் தரமில்லை என்று பழியை அதன்மேல் போடுவார்கள்.

அடுத்து எர்த் வயர். எஞ்சினை இறக்கி ஏற்றினால் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சின் உடலுக்கு வரும் தடித்த வயரைக் கழற்றியிருப்பார்கள். அதைப் பெயின்ட்மேல் வைத்து முடுக்கியிருந்தாலோ, மறந்திருந்தாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிளின் உறை வழியாகக்கூடப் போகும். சாவியைத் திருப்பும்போது கேபிள் சுடுகிறது, புகைகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். எர்த் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

ஆயிலையும் பாருங்கள். குறைவாக இருப்பது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதிகமாக இருப்பதும் கெடுதல்தான். கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், பிரீதர் குழாய் வழியே அது ஏர் கிளீனருக்கு வரும், நீலப் புகை கிளம்பும். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அளவும் கூடியிருந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் நீடில் சரியாக மூடவில்லை. எலக்ட்ரிக் பம்ப் உள்ள இயந்திரத்தில் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயில் தொட்டிக்கே இறங்கிவிடும். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டவே கூடாது. நீடிலைச் சரி செய்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடிய கராஜுக்குள் இந்த எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிர்காலத்தில் கதவைப் பாதி மூடிக்கொண்டு சோதிக்கும் பழக்கம் உயிரை வாங்கும். வாடிக்கையாளர் வீட்டிலும் புகைக்குழாய் சன்னலையோ கதவையோ பார்த்து நிற்காதபடி வேனை நிறுத்துங்கள். பெல்ட் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயைத் திறக்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை

பேட்டரியில் மீட்டர் வைத்தால், ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். சாவியைத் திருப்பும்போது அது 10-க்குக் கீழே விழுந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது எஞ்சின் எதனாலோ இறுகியிருக்கிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை.

இறுகியிருப்பது பெரும்பாலும் புளோவர். இதன் அடிப்படை வடிவம் பழையது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்னும் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்றது. எட்டு வடிவில் இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல், உறையையும் தொடாமல், மயிரிழை இடைவெளியில் சுழலும். அந்த இடைவெளியில்தான் அதன் திறமை இருக்கிறது. அதன் பலவீனமும் அங்கேதான். ஈரக் காற்றை இழுத்த புளோவரை எண்ணெய் போடாமல் இரண்டு மூன்று வாரம் சும்மா வைத்தால் உள்ளே துரு படியும், ரோட்டர்கள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் வேலைக்காக வண்டி பட்டறையில் கிடந்த நாட்கள்தான் அந்த இரண்டு மூன்று வாரம். எஞ்சினைச் சரி செய்தார்கள், புளோவரை யாரும் நினைக்கவில்லை. வண்டி திரும்பி வந்ததும் ஸ்டார்ட்டர் 'டக்' என்று மட்டும் சொல்கிறது, எல்லோரும் எஞ்சினைத் திரும்பப் பிரிக்கிறார்கள்.

பிரிக்க வேண்டியதில்லை. பெல்ட்டைக் கழற்றுங்கள். எஞ்சினைத் தனியாகவும், புளோவர் புல்லியைத் தனியாகவும் கையால் சுற்றிப் பாருங்கள். எது சுற்றவில்லையோ அதில்தான் கோளாறு. புளோவர் என்றால் அதன் உள்வாயில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, சில மணி நேரம் ஊறவிட்டு, புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். ஸ்டார்ட்டரை வைத்துப் பலவந்தமாகச் சுற்ற முயன்றால் ஷாஃப்டும் பெல்ட்டும் சேதமாகும். இனி இயந்திரம் ஓய்வுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், கடைசியாக வெறும் காற்றில் சில நிமிடம் ஓடவிட்டு உள்ளேயிருக்கும் ஈரத்தைப் போக்கி, புளோவருக்கு எண்ணெய் விடும் லூப் துளையில் எண்ணெய் தெளித்து நிறுத்துங்கள். பட்டறைக்கு அனுப்பும் முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று இரண்டே கேள்விகள். பொறியை முதலில் பாருங்கள், அதைப் பார்ப்பது எளிது. பிளக்கும் வயரும் சேருமிடத்தில் மாட்டும் ஸ்பார்க் டெஸ்டர் மலிவான கருவி. ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பொறியே இல்லையென்றால் காயிலை வாங்க ஓடாதீர்கள். டிரக்மவுண்ட் எஞ்சினைப் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப்போல நினைக்க முடியாது. அதை நிறுத்தும் அதிகாரம் பல சுவிட்சுகளுக்கு இருக்கிறது. அழுக்குத் தொட்டி நிரம்பினால் நிறுத்த ஒரு ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் நிறுத்த ஒரு சூடு சுவிட்ச். பல எஞ்சின்களில் ஆயிலுக்கு ஒன்று. இவற்றில் எது விழுந்தாலும் எஞ்சின் நிற்கும். சில இயந்திரங்களில் அது காயிலின் கில் வயரை எர்த் செய்து பொறியைக் கொல்லும். வேறு சிலவற்றில் கார்புரேட்டர் சாலினாய்டுக்கோ பெட்ரோல் பம்புக்கோ போகும் 12 வோல்ட்டை வெட்டும்.

பேட்டரி இல்லாமல் ஃப்ளைவீல் காந்தத்தாலேயே பொறி கொடுக்கும் மேக்னெட்டோ எஞ்சினில் இதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சினிலிருந்து வெளியே வரும் கில் வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் பொறியைப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் காயில் நன்றாக இருக்கிறது, குற்றவாளி வெளியே சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறான். பழுதுக்குப் பிறகு அடிக்கடி நடப்பது, ஃப்ளைவீல் கவசத்தை மாட்டும்போது கில் வயர் அதனடியில் நசுங்கித் தோல் உரிந்து, உடலில் உரசி எர்த் ஆகிவிடுவது. ஒன்று நினைவிருக்கட்டும்: கில் வயர் கழன்றிருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சாவியால் நிறுத்த முடியாமல் போகலாம். சோக்கை மூடியோ பெட்ரோலை நிறுத்தியோ அணைக்கத் தயாராக இருங்கள். சோதனை முடிந்ததும் வயரைத் திரும்ப மாட்டுங்கள். "இப்போது ஓடுகிறதே" என்று அப்படியே வேலைக்குக் கிளம்பிவிட்டால், தொட்டி நிரம்பும்போது நிறுத்த ஆளில்லாமல் அழுக்கு நீர் புளோவருக்குள் போகும்.

கோலர் கமாண்ட் எஞ்சின்களில் சில மாடல்களுக்கு ஸ்மார்ட் ஸ்பார்க் என்னும் மின்னணு இக்னிஷன் உண்டு. அதற்குப் பொறி கொடுக்கவே பேட்டரி மின்சாரம் வேண்டும். பேட்டரி மிகவும் சோர்ந்தால் பொறியும் போகும். அங்கே காயிலை மாற்றி ஒரு பயனும் இல்லை.

காயிலைக் கழற்றி மாட்டியிருந்தால் ஃப்ளைவீலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பிரிக்ஸ் வேன்கார்ட் இரட்டை சிலிண்டரில் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர். கோலர் கமாண்ட் இரட்டை சிலிண்டரில் 0.28 முதல் 0.33. இவ்விரண்டு எஞ்சின்களிலும் பிளக் இடைவெளி 0.76 மில்லிமீட்டர். வேறு எஞ்சின் என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள், ஊகிக்க வேண்டாம்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது உதைக்கிறது, கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்றால் ஃப்ளைவீல் சாவியைச் சந்தேகியுங்கள். இது ஃப்ளைவீலை கிராங்க்கோடு சரியான கோணத்தில் பிடித்துவைக்கும் சிறு உலோகத் துண்டு. ஃப்ளைவீல் போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முடுக்காவிட்டால் அது பாதி வெட்டுப்பட்டு, பொறி தவறான நேரத்தில் விழும். ஃப்ளைவீலைக் கழற்றிய வேலைக்குப் பிறகு இந்தக் குறி தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெட்ரோல் பக்கம் வந்தால், சாவியைப் போட்டதும் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோலைத் திறந்துவிடும் சாலினாய்டு 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வயர் மாட்டாமல் விட்டிருப்பது சர்வசாதாரணம். பம்ப் எலக்ட்ரிக் வகையா, கிராங்க்கேஸின் துடிப்பில் இயங்கும் வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். துடிப்பு வகையில் எஞ்சினிலிருந்து பம்புக்குப் போகும் சிறு ரப்பர் குழாய் விரிசல் விட்டாலோ கழன்றிருந்தாலோ பெட்ரோல் ஏறாது. ஃபில்டரில் அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஓடுகிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது

வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக, அலை அலையாக ஓடும் எஞ்சின் பெரும்பாலும் பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ கிடைத்துத் திண்டாடுகிறது. சோக்கைச் சற்றே மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் இந்த ஊகம் சரி. அப்புறம் கேள்வி ஒன்றுதான்: பெட்ரோல் வழி அடைத்திருக்கிறதா, காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா?

பழுதுக்கு முன்பே இந்தக் குறி இருந்தால் ஜெட் அடைப்பு. வட அமெரிக்காவில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கும். அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் கார்புரேட்டரில் நின்றால் பிசின் படியும். ஸ்லோ ஜெட்டின் துளை மிக நுண்ணியது, கம்பி விட்டுக் குத்தாதீர்கள். கிளீனர் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

பழுதுக்குப் பிறகு புதிதாக வந்திருந்தால் காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும், மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள கேஸ்கட்களில் ஒன்று பழையதாகவோ, மடிந்தோ, கோணலாகவோ இருக்கும். எஞ்சின் இன்னும் சூடேறாத நிலையில், புகைக்குழாய்ப் பக்கம் படாதபடி, இணைப்பு ஓரங்களில் கார்புரேட்டர் கிளீனரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் விடும்போது ஓட்டம் மாறுகிறதோ அங்கே கசிவு.

மூன்றாவதாக, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சொல்ல வேண்டும். அதன் நெம்புகோலில் பல துளைகள் இருக்கும். ஸ்பிரிங்கை எந்தத் துளையிலிருந்து எடுத்தார்களோ அதில்தான் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு துளை தள்ளிப்போனாலும் எஞ்சினின் குணமே மாறிவிடும். பிரிப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். நெம்புகோலின் பிடி நட்டைத் தளர்த்தியிருந்தால் அடிப்படைச் சரிசெய்தலைப் புதிதாகச் செய்ய வேண்டும். நட்டைத் தளர்த்தி, த்ராட்டிலை முழுதாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு, கவர்னர் ஷாஃப்டை உங்கள் மாடலுக்குச் சொன்ன திசையில் முடியும்வரை திருப்பி, நட்டை முடுக்குங்கள். இதில் பிழை நேர்ந்தால் எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். அத்தோடு புளோவரும் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும். ஆகவே இந்த வேலைக்குப் பிறகு டாக்கோமீட்டர் இல்லாமல், காதால் கேட்டு வேகம் வைப்பதை நான் ஏற்பதில்லை.

இருபது நிமிடத்தில் நிற்கிறது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் கோளாறு இது. ஆறியதும் தானே சரியாகிவிடுகிறது, பட்டறைக்குக் கொண்டுபோனால் காட்டுவதே இல்லை. சாட்சியத்தை அது நிற்கும் அந்த நிமிடத்திலேயே பிடித்தாக வேண்டும். டெஸ்டரைப் பிளக்கில் மாட்டிவைத்துக்கொண்டே ஓட்டுங்கள். நிற்கும்போது பொறி முதலில் போனதா, பொறி இருக்கும்போதே எஞ்சின் தள்ளாடி நின்றதா என்று கண்ணால் பாருங்கள். சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென நின்றால் மின்சாரம். இருமி, தடுமாறி, மெல்ல நின்றால் பெட்ரோல்.

மின்சாரப் பக்கம் என்றால், சூட்டில் விட்டுவிடும் காயில் ஒன்று. ஆனால் அதற்கு முன் அழுக்குத் தொட்டியைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் முன்பு போட்ட ஷாம்பு கார்ப்பெட்டில் தங்கியிருந்தால், தொட்டி பாதிகூட நிரம்பாத நிலையில் நுரை பொங்கி ஃப்ளோட்டைத் தூக்கிவிடும். நாய் முடியும் நூலும் சுற்றிக்கொண்டு ஃப்ளோட் மேலேயே சிக்கியிருப்பதும் உண்டு. நுரைக்கு டிஃபோமர் போடுங்கள், ஃப்ளோட்டைக் கழுவுங்கள். சூடு சுவிட்ச் விழுந்திருந்தால் அது பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் ஓட்டம் எங்கோ குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சின்களில் ஆயில் அலர்ட் என்னும் அமைப்பு, ஆயில் மட்டம் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும். ஆயில் சற்றுக் குறைவாக இருந்து, வேன் சரிவான பாதையில் நின்றாலும் அது விழலாம்.

பெட்ரோல் பக்கம் என்றால் மூடியில் தொடங்குங்கள். தொட்டிக்குள் காற்று போகும் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் கூடி, ஓட்டம் நின்றுவிடும். எஞ்சின் நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால், உடனே எஞ்சின் ஸ்டார்ட் ஆனால், விடை கிடைத்துவிட்டது. அதில் இல்லையென்றால் பெட்ரோல் குழாயின் பாதையைப் பாருங்கள். பழுதின்போது குழாயை மாற்றியவர் அதைப் புகைக்குழாய் அருகே விட்டிருந்தால், உள்ளே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைப்படும். பழைய கிளிப் இருந்த இடத்திலேயே குழாயைத் திரும்பக் கட்டினால் தீர்ந்தது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான காரணம் வெப்பம். ஃப்ளைவீல் விசிறியின் வலையில் கார்ப்பெட் தூசியும் முடியும் போர்வைபோல ஒட்டியிருக்கும். வேன் கதவுகளைத் திறந்து வைக்காமல் ஓட்டினால் எஞ்சின் தன் சூட்டுக்காற்றையே திரும்ப இழுக்கும்.

இழுவை இல்லை

ஹோஸ் மாட்டியதும் எஞ்சின் அடங்கிப்போகிறது என்றால், முதலில் இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். இரட்டை சிலிண்டர் எஞ்சின் ஒரே சிலிண்டரில் ஓடும், சும்மா இருக்கும்போது ஓரளவு நன்றாகவே ஓடும். சுமை வந்ததும்தான் குட்டு வெளிப்படும். ஓடும்போது டெஸ்டர் வழியாக ஒவ்வொரு பக்கத்தின் பொறியையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் இரண்டு புகைவாய்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒப்பிட்டாலும் தெரிந்துவிடும். வேன்கார்டில் இரு காயில்களையும் இணைக்கும் கில் வயருக்குள் டையோடுகள் இருக்கின்றன. ஒன்று கெட்டால் காயில் நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டர் செத்துப்போகும்.

ஹெட் வேலை நடந்திருந்தால் வால்வ் இடைவெளியைப் பாருங்கள். எஞ்சின் ஆறிய நிலையில் ஹோண்டா ஜிஎக்ஸ் 390-இல் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர். வேன்கார்ட் இரட்டை சிலிண்டரில் 0.10 முதல் 0.16 வரை. கோலர் கமாண்ட் இரட்டை சிலிண்டர்களில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் சரிசெய்ய ஒன்றுமில்லை. பிரித்து மாட்டிய பிறகு ஆயில் ஏறும்வரை சற்று நேரம் அது தட்டினால் பயப்பட வேண்டாம். இன்னொரு விஷயம்: ஸ்டார்ட் எளிதாக வேண்டும் என்பதற்காகக் கம்ப்ரஷனைத் தானே தளர்த்தும் அமைப்பு இந்த எஞ்சின்களில் உண்டு. சாதாரண கம்ப்ரஷன் கேஜ் அங்கே குறைவாகத்தான் காட்டும். அந்த எண்ணை வைத்து எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டாமல், காற்றைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் சோதனையைக் கேளுங்கள்.

எஞ்சின் நன்றாக இருந்தும் இழுவை இல்லையென்றால் சுமைதான் அளவை மீறுகிறது. உறிஞ்சல் அளவை மீறாமல் காக்கும் வேக்குவம் ரிலீஃப் வால்வை யாரோ அதிகமாக முடுக்கியிருக்கலாம். ஹோஸ் வாயை மூடிவிட்டு வேக்குவம் கேஜைப் பாருங்கள். உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு மேல் முள் ஏறினால் வால்வைத் தளர்த்துங்கள். பெல்ட் மிக இறுக்கமாக இருந்தாலும் சுமை கூடும், பேரிங்கும் தேயும். இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ப்பட்டை வைத்துப் பாருங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றிய பிறகு இதைப் பார்க்காமல் விடுவது பெல்ட்டைக் காசு கொடுத்து அறுப்பதற்குச் சமம். வெப்பமாற்றிக்குள் கரி அடைத்துப் புகை வெளியேறத் திணறுவது கடைசிச் சந்தேகம்.

வேலைக்குப் போகும் முன்

கோளாறு தீர்ந்தது என்று தோன்றினால், வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் வீட்டு வாசலில் முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். வேலையில் மாட்டும் முழு நீள ஹோஸ், வாண்ட், ஓடும் தண்ணீர், வேலை வேகம் எல்லாம் வேண்டும். பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றைப் போட்டு வாண்டை இழுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஓடட்டும். ஓய்விலும் சுமையிலும் வேகம் எவ்வளவு, வேக்குவம் எவ்வளவு, தண்ணீர் சூடு எவ்வளவு, பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று எழுதுங்கள். ஓடும்போது மீட்டர் 13.5-க்கு மேல் காட்ட வேண்டும். நிறுத்தும் முன் ஃப்ளோட்டைக் கையால் தூக்கி எஞ்சின் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ரிங் மாற்றிய எஞ்சினை மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள். மிதமான, மாறி மாறி வரும் சுமையில்தான் ரிங் உட்காரும். முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். புது எஞ்சினுக்குக் கோலர் சொல்வது 5 மணி நேரம். ரிங் மாற்றிய எஞ்சினுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். குளிர்கால நாடுகளில் சோதனை முடிந்ததும் பம்பிலும் வெப்பமாற்றியிலும் தண்ணீர் நிற்காதபடி வடித்துவிடுங்கள், அல்லது உறையாத திரவத்தை ஓடவிடுங்கள்.

எப்போது திரும்ப மெக்கானிக்கிடம் போவது? உள்ளிருந்து தட்டும் சத்தம், ஆயிலில் உலோகத் துகள், நிற்காத நீலப் புகை, லீக்டவுனில் பெரிய கசிவு இவற்றில் ஒன்று இருந்தால் மேலும் ஓட்டாமல் அன்றே கொண்டுபோங்கள். போகும்போது "சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, அப்போது பொறி இருந்ததா, கில் வயரைக் கழற்றியபோது என்ன ஆனது, சுமையில் வேகம் எவ்வளவு இறங்கியது என்று எழுதிய தாளை அவர் கையில் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்.

ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றாதீர்கள். மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது. கழற்றிய பழைய பாகத்தை உடனே குப்பையில் போடவும் வேண்டாம். புதியதுதான் பழுது என்று தெரியவரும் நாளில் அது தேவைப்படும்.